பெரியம்மாவுக்கு ஒரு பூட்டு

பூட்டுக்காரருக்கு வயிற்றெரிச்சல் கூடப் பிறந்தது. சிலருக்கு இடதுகைப் பழக்கம் இருப்பதில்லையா, அந்த மாதிரி. சின்ன வயதில் அண்ணனுக்குப் புதுச் செருப்பு எடுத்தால் இவருக்குக் காய்ச்சல் வரும். கல்யாணமான புதிதில் மனைவி ஒரு பல் டாக்டரைப் பற்றி, "வலியே தெரியல, தங்கமான கை" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், அந்த டாக்டர் இருக்கும் தெருவில் இவர் கால் வைப்பதில்லை. பிற்பாடு தன் கடைவாய்ப்பல் வீங்கியபோது பஸ் ஏறி எங்கேயோ போய், வலிக்க வலிக்கப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அதில் அவருக்கு ஒரு திருப்தி.

வேலையில் ஆள் கெட்டி. கடைவீதி முனையில், மூக்குக்கண்ணாடிக் கடையின் பக்கச் சுவரை ஒட்டி ஒரு இரும்புக் கூண்டு. அதுதான் கடை. உள்ளே உட்கார்ந்தால் முட்டி இரண்டும் வெளியே நிற்கும். சாவி வெட்டுகிற மிஷின், ஏழெட்டு அரம், வளையம் வளையமாகக் கோத்துத் தொங்கும் வெட்டாத சாவிகள். சாவியைத் தொலைத்துவிட்டு முகம் வெளுத்து வருகிறவர்களைத் திட்டிக்கொண்டேதான் வேலை செய்வார். "தலை கழுத்தோட ஒட்டியிருக்கறதால தப்பிச்சீங்க, இல்லன்னா அதையும் எங்கயாவது வச்சுட்டு வந்திருப்பீங்க." யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அவர் வெட்டிய சாவி ஒரே திருப்பில் திறக்கும்.

ஒரு வருஷம் மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தார். மனைவி துணிக்கடையில் ஆல்டரேஷன் தைக்கிறவள். அந்த வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூண்டில் வந்து உட்கார்ந்தாள். இவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டுச் சொல்லச் சொல்ல, அவள் அரத்தைப் பிடித்தாள். சாவி தொலைந்த பெட்டிகளைக் கம்பி விட்டுத் திறந்தாள். ஒருநாள் ஒரு லாரி டிரைவர், "அண்ணே, தப்பா நினைக்காதீங்க, உங்களைவிட அண்ணி கை பதமா இருக்கு" என்றார். டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே பூட்டுக்காரர் கட்டைப் பிரித்துக்கொண்டு வந்து கூண்டில் உட்கார்ந்துவிட்டார். அந்த மணிக்கட்டு இன்றும் மழை வந்தால் வலிக்கிறது.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் அந்த நத்தை வந்து சேர்ந்தது.

வந்தது முட்டைக்கோசுக்குள். வெளி இலையைப் பிரித்தால், நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று, பழுப்பு ஓட்டில் வரிவரியாக, கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. மனைவி அதை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, இலையைக் கிள்ளிப் போட்டு, துணியால் வாயைக் கட்டினாள்.

"தூக்கி எறி அந்தச் சனியனை."

"அது பாட்டுக்கு இருக்கட்டுமே. உங்க சோத்தையா பங்கு கேக்குது?"

மறுநாள் அது கொம்பு நீட்டி, கொம்பின் நுனியில் இருந்த கண்ணை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி வீட்டை நோட்டம் விட்டது. "எங்க பெரியம்மா இப்படித்தான் ஜன்னல் வழியா எட்டிப் பாக்கும்" என்று மனைவி சிரித்தாள். அப்படியே பெயரும் விழுந்துவிட்டது. பெரியம்மா.

பூட்டுக்காரர் முதலில் கண்டுகொள்ளவில்லை. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது முன்பெல்லாம் செருப்புச் சத்தம் கேட்டே கதவைத் திறப்பவள், இப்போது உள்ளேயிருந்தபடி, "தொறந்துதான் இருக்கு, வாங்க" என்கிறாள். எட்டிப் பார்த்தால் ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். துணிக்கடை மேஸ்திரி என்ன சொன்னான், எந்தக் கல்யாணப் பெண்ணுக்கு ரவிக்கை இறுக்கம் என்று பெரியம்மாவிடம் ஒப்பித்துக்கொண்டிருப்பாள். வேலைக்குப் போய்விட்ட ஒரே மகன் வெளியூரில். கேட்க ஆள் வேண்டாமா? நான் இல்லையா என்று இவருக்கு இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்தான். இவர் கேட்பதில்லை.

நத்தையோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மாடி வீடு குறுக்கே வந்தது.

மாடியில் இருந்தவர் அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கடையில் இவருக்குப் பக்கத்துக் கடை, வீட்டில் இவருக்கு மேல் வீடு. தனி ஆள். வீடு தேடுகிறேன் என்று அவர் ஒருமுறை சொன்னபோது, எங்க மாடி காலியா இருக்கு என்று வாயைக் கொடுத்ததும் பூட்டுக்காரர்தான். அந்த வீட்டுக்கு இரண்டாவது சாவி வெட்டிக் கொடுத்ததும் அவர்தான். இதை நினைக்கும்போதெல்லாம் தன் தலையில் தானே குட்டிக்கொள்வார்.

கண்ணாடிக்காரர் வீட்டில் நாய் இல்லை, பூனை இல்லை. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி நிறைய வேறு விதமான ஜீவன்கள். ரயில் பூச்சி வளர்த்தார். காலி சங்கைத் தூக்கிக்கொண்டு குடிமாறும் சங்கு நண்டு வளர்த்தார். குச்சிப் பூச்சி என்று ஒன்று. பிறகு ஒரு நத்தை. வேலை எதுவும் செய்யாமல், அவசரமே படாமல், எல்லாவற்றின் மேலும் ஏறி உட்கார்ந்துகொள்வதால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

மாடிப்படியில் ஜாடியோடு நின்ற மனைவியை அவர் பார்த்தார். ஜாடி போதாது, ஈரமண் வேண்டும், புரள இடம் வேண்டும் என்றார். தன்னிடம் சும்மா கிடந்த பழைய மீன்தொட்டியைக் கொண்டு வந்து கொடுத்தார். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் ஒரே பாட்டு.

"முட்டை ஓட்டைப் பொடிச்சுப் போடணுமாம். ஓடு கெட்டியாகுமாம். அண்ணன் சொன்னாரு."

"எந்த அண்ணன்?"

"மேல இருக்கற அண்ணன்."

"உன்கூடப் பொறந்தது ரெண்டு அக்கா. அண்ணன் எப்பப் பொறந்தான்?"

"வெள்ளரிக்காய்னா உசுராம் அதுக்கு" என்று அவள் அடுத்த வாய் சோற்றை எடுத்தாள்.

பூட்டுக்காரர் யோசித்துப் பார்த்தார். அவள் அண்ணே என்கிறாள், அவன் தங்கச்சி என்கிறான். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு உதைத்தது. அவளைத் தங்கச்சி என்று மனசாரக் கூப்பிடுகிறவன் தன்னை என்னவென்று கூப்பிட வேண்டும்? மச்சான் என்று கூப்பிட வேண்டும். அவனோ தன்னைப் பார்த்தால் 'சார்' என்கிறான். தங்கச்சி புருஷனை எவனாவது சார் என்பானா? அப்படியானால் அந்தத் தங்கச்சி எந்த ஊர்த் தங்கச்சி? கிர்ர் என்று சாவி வெட்டும்போதெல்லாம் இதே கேள்வி ஓடியது. இரண்டு சாவி கோணலாக வெட்டுப்பட்டது. அவர் வாழ்க்கையில் நடக்காத சங்கதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வற்புறுத்தி மாடிக்கு அழைத்துப் போனாள். கண்ணாடிக்காரர் வெள்ளைச் சட்டையில், கை நகமெல்லாம் சுத்தமாக, அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு பெட்டியில் இலைக்கொத்தைத் தவிர ஒன்றுமில்லை.

"இதுல எங்க பூச்சி?"

"அதைத்தான் சார் பாத்துட்டு இருக்கீங்க."

இவர் கண்ணைச் சுருக்கினார். குச்சி ஒன்று கால் மாற்றி நின்றது. மனைவி கைகொட்டிச் சிரித்தாள். அவளும் முதல் தடவை ஏமாந்தாளாம், கண்ணாடிக்காரரும் சேர்ந்து சிரித்தார். அந்த முதல் தடவையில் தான் இல்லை என்பது பூட்டுக்காரருக்கு நறுக்கென்று தைத்தது.

மேனேஜரை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கண்ணாடிக்காரர் சொன்னார், "தங்கச்சி ஆசைப்படறாங்க சார். பெரியம்மாவையும் இவரையும் கொஞ்ச நாள் ஒரே தொட்டில விட்டா குட்டி கிடைக்கும்."

"இது ஆம்பளையா?"

"நத்தையில ஆம்பளை பொம்பளைன்னு தனியா கிடையாது சார். ஒவ்வொண்ணும் ரெண்டும்தான். சேர்ந்தா ரெண்டுமே முட்டை வைக்கும்."

"அப்ப வீட்டுல யார் பேச்சு எடுபடும்?"

கண்ணாடிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மனைவியும் சிரித்தாள். வேடிக்கைக்குச் சொன்னதல்ல அது. பூட்டுக்காரர் எழுந்தார். "அதெல்லாம் வேணாம். எங்க வீட்டு ஜீவன் எங்க வீட்டுல இருக்கட்டும். உங்கது உங்க வீட்டுல இருக்கட்டும்." சொல்லிவிட்டு விறுவிறுவென்று படி இறங்கினார்.

மறுநாள் சாயங்காலம் தொட்டிக்கு வலை மூடி செய்தார். கீல் வைத்தார், கொண்டி வைத்தார். கொண்டியில் சூட்கேசுக்குப் போடும் சின்னப் பூட்டு ஒன்றை மாட்டினார். வேலை பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"பூட்டு எதுக்கு?" என்றாள் மனைவி.

"மூடியை முட்டித் தள்ளிட்டு வெளிய வந்துடும். நத்தைக்கு முதுகுல பலம் ஜாஸ்தி."

"சாவி?"

"எங்கிட்ட இருக்கு. காலையிலயும் சாயங்காலமும் நானே தொறந்து சாப்பாடு வைக்கறேன்."

அவள் பூட்டை விரலால் ஆட்டிப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். புருஷனுக்கும் ஆசை வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டாள் போல.

சொல்லப்போனால் ஆசை வரத்தான் செய்தது. தினம் இரண்டு வேளை மூடியைத் திறந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, வெள்ளரித் துண்டை வைப்பார். கட்டைவிரலை மண்ணில் ஊன்றிக் காத்திருப்பார். பெரியம்மா யோசித்து யோசித்து வந்து விரலில் ஏறும். அதன் வயிறு ஜில்லென்று இருக்கும். தன் விரலை அடையாளம் தெரிந்துதான் வருகிறது என்று அவர் நம்பினார். அந்த நாட்களில் வயிற்றெரிச்சல் அடங்கி, ஒழுங்காகத் தூங்கினார்.

மனைவி மட்டும் ஒரு தடவை கேட்டாள். "சாவிய வச்சுட்டுப் போங்களேன். மத்தியானம் மண்ணு காஞ்சு போகுது."

"வலை வழியா தண்ணி தெளி. போதும்."

அவள் மறுபடி கேட்கவில்லை.

இப்படி மாதங்கள் போன பிறகு ஒருநாள் காலை, மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தொட்டியின் மூலையில், கண்ணாடியை ஒட்டி மண்ணுக்குள், ஊறிய ஜவ்வரிசி மாதிரி வெள்ளை வெள்ளையாக ஒரு குவியல். முட்டை.

மூடியைச் சாத்தினார். பூட்டினார். மனைவி அடுப்படியில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லாமல், சாப்பிடாமல், பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மறுபடி வந்து பூட்டைப் பார்த்தார். சாவித்துளையின் ஓரத்தில் ஒரு கீறல் தெரிந்தது. மெல்லிசாக, பளபளவென்று. சின்னப் பூட்டில் அவசரத்தில் சாவியைச் செருகினால் அப்படிக் கீறல் விழும் என்று ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவர் அவர். தான்தான் தினம் இரண்டு வேளை செருகுகிறோம் என்பது அந்த நேரத்தில் அவர் புத்தியில் ஏறவில்லை. சேர்ந்தால்தான் முட்டை. இது சேர்ந்திருக்கிறது. எங்கே சேர்ந்தது? மாடியில். யார் கொண்டு போனது? சாவி தன் இடுப்பில் இருக்க, வேறு சாவி எங்கிருந்து வந்தது?

சோப்பில் அச்சு எடுத்து வெட்டியிருக்க வேண்டும். இந்த ஊரில் அதற்குத் தன்னைத் தவிர இருப்பது ஒரே ஆள்.

ரயில் நிலைய வாசலில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் அந்த ஆளுக்குத் தொழிலில் எல்லாரும் வைத்த பெயர் சித்தப்பா. பூட்டுக்காரருக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம் ஆகிறது. குடை ஓரமாக வெயிலில் போய் நின்றார்.

"என்ன, பெரிய மனுஷன் வெயில்ல நிக்கறாரு?" என்றார் சித்தப்பா, அரத்தை நிறுத்தாமல்.

"ஒண்ணு கேக்கணும். எங்க வீட்டுப் பொம்பளை உங்கிட்ட சாவி வெட்ட வந்தாளா?"

அரம் நின்றது. "எந்தப் பூட்டுக்கு?"

"சின்னப் பூட்டு. சூட்கேஸ் பூட்டு."

"பீரோவா? பணப்பெட்டியா?"

பூட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "நத்தைத் தொட்டி."

சித்தப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு இவரை ஏற இறங்கப் பார்த்தார். "நத்தைக்குப் பூட்டு போட்டியா?"

"ஆமா."

"ஏம்பா, ஓடியா போயிடும்?"

பக்கத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். பழக்கடைக்காரர் என்ன என்ன என்று கேட்டார். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. "உன் சம்சாரம் வரல" என்றார். "வந்திருந்தாலும் நான் வெட்டியிருக்க மாட்டேன். தொழில் பண்றவன் வீட்டுக்கு இன்னொருத்தன் சாவி வெட்டறதில்ல. போ. போய் ஒரு வாய் தண்ணி குடி."

தண்ணீர் குடிக்கவில்லை. நேராக வீட்டுக்கு வந்தார். மனைவி மத்தியான இடைவேளைக்கு வேலையிலிருந்து அப்போதுதான் வந்து, தோள்பையைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள்.

"என்ன இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா?"

அவர் தொட்டியைக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். "அய்யோ, முட்டை! ஏங்க, முட்டைங்க!" என்று கத்தினாள். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "பெரியம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா" என்றாள். நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தார் பூட்டுக்காரர்.

"யார் தொறந்தது?"

"எதை?"

"பூட்டை."

"நீங்கதான் தொறக்கறீங்க தினம்."

"நான் இல்லாதப்ப." அவர் குரல் தடித்தது. "தனியா இருந்தது எப்படி முட்டை வைக்கும்? மேல கொண்டு போனியா இல்லையா? அவன் கீழ வந்தானா?"

அவள் மெதுவாக நிமிர்ந்தாள். முகத்திலிருந்த சந்தோஷம் மட்டும் இன்னும் இறங்கத் தெரியாமல் அங்கேயே நின்றது.

"நீங்க நத்தையப் பத்தியா கேக்கறீங்க?"

அவர் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"நான் கொண்டு போகல" என்றாள். "அவரும் வரல."

"அப்ப முட்டை?"

"எனக்குத் தெரியாது."

"தெரியாதாம்!"

அவள் வாசலுக்குப் போனாள். மாடிப்படியைப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் கீழ வந்துட்டுப் போங்க" என்று குரல் கொடுத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த கண்ணாடிக்காரர், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தார்.

"அண்ணே, மாசக்கணக்கா தனியா பூட்டி வச்சிருந்த நத்தை முட்டை வைக்குமா?"

"வச்சிருச்சா!" அவர் ஓடிவந்து குனிந்தார். "அடடா, எவ்வளவு! வைக்கும் தங்கச்சி, ஏன் வைக்காது? இங்க வர்றதுக்கு முன்னாடி எங்கயோ தோட்டத்துல சேர்ந்திருக்கும். அதை உள்ளயே பத்திரமா வச்சிருக்கும், ரொம்ப நாளைக்கு. மண்ணு, ஈரம், சாப்பாடு எல்லாம் சரியா இருக்குன்னு தோணும்போதுதான் வைக்கும். சார், உங்க கவனிப்பு சார் இது! கைகுடுங்க!"

பூட்டுக்காரர் கைகொடுத்தார். மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போன மாதிரி இருந்தது. அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது. கண்ணாடிக்காரர், மேனேஜருக்கும் கொஞ்சம் புத்தி சொல்லணும் என்று ஏதோ சொல்லிவிட்டு மேலே போனார்.

"அதானே பாத்தேன்" என்றார் பூட்டுக்காரர், துண்டால் கழுத்தைத் துடைத்தபடி. "முன்னாடியே சேர்ந்திருக்கு. முட்டைக்கோசுல வரும்போதே. நான் என்னத்தைக் கண்டேன்? சரி விடு. சோறு போடு, பசிக்குது."

அவள் நகரவில்லை.

"அந்த அண்ணன் சொன்னாரு, நம்பிட்டீங்க."

"அவரு அதையே வளக்கறவரு, தெரிஞ்சு சொல்றாரு..."

"யாரை நினைச்சு உங்களுக்கு வயிறு எரிஞ்சுதோ, அவரு வாயால சொன்னதும் நம்பிட்டீங்க. நான் சொன்னேன், நம்பல."

அவள் தோள்பையைத் திறந்தாள். தையல்காரி பையில் எப்போதும் கிடக்கும் ஊக்குகளில் ஒன்றை எடுத்து நிமிர்த்தினாள், நுனியைப் பல்லால் கடித்து வளைத்தாள். தொட்டியருகே குனிந்து, சின்னப் பூட்டை இரண்டு விரலால் பிடித்து, ஊக்கை உள்ளே விட்டாள். கண்ணை அங்கே வைக்கக்கூட இல்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். க்ளிக். பூட்டு வாய் திறந்து தொங்கியது.

"தொறக்கத் தெரியாம இல்ல" என்றாள். "நீங்க சொல்லிக்குடுத்ததுதான். முதல் நாளே தொறந்திருப்பேன். நீங்க ஆசையாப் போட்டதுன்னு விட்டேன்."

பூட்டை அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்ச் சோறு எடுத்து வைத்தாள்.

சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பார். அவள் போடவில்லை. வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி பேசினாள். 'சாப்பாடு இருக்கு.' 'சட்டை காஞ்சிருச்சு.' ஏங்க என்கிற வார்த்தை அந்த வீட்டை விட்டுப் போய்விட்டது. அந்த ஒரு வார்த்தை எத்தனை தடவை காதில் விழுந்துகொண்டிருந்தது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மூடியிலிருந்த கொண்டியைக் கழற்றினார். ஸ்குரூ ஓட்டைகளை அடைத்து, தேய்த்து, இடம் தெரியாமல் பண்ணினார். அவள் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து தானே வெள்ளரி நறுக்கித் தொட்டியில் போட ஆரம்பித்தாள்.

இப்போது வேறு ஒரு எரிச்சல் பிடித்துக்கொண்டது. பெரியம்மாவிடம் அவள் பழையபடி பேசினாள். பஸ் கண்டக்டரிடம் பேசினாள். மகனிடம் போனில் கலகலவென்று பேசினாள். ஊரில் எல்லாருக்கும் கிடைத்தது. கூண்டுக்குள் உட்கார்ந்து அவர் எல்லாரையும் பார்த்துப் பொறாமைப்பட்டார், பால்காரர் உட்பட.

ஒருநாள் கண்ணாடிக்காரர் தன் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். "குட்டி வந்துருச்சாமே சார்! காலையில தங்கச்சி படியில சொன்னாங்க. கடுகு கடுகா இருக்காம், ஓட்டுக்குள்ள எல்லாம் தெரியுதாம்?"

பூட்டுக்காரர் கையிலிருந்த சாவியை மிஷினிலேயே விட்டுவிட்டார். குட்டி வந்திருக்கிறது. தன் வீட்டில். தான் மண் கிளறி, வெள்ளரி வைத்து வளர்த்ததன் குட்டி. படியில் போகிறவனுக்குத் தெரிகிறது, தனக்குத் தெரியவில்லை. பல் டாக்டரில் தொடங்கி இன்றுவரை எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. கூண்டைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

கதவைத் தட்டுவதற்கு முன்பே அவள் திறந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"ஏங்க, பெரியம்மாவைக் காணோம்."

ஏங்க. அவர் அதைக் கேட்டுக்கொண்டு ஒரு கணம் அப்படியே நின்றார்.

மூடி ஒரு பக்கமாக ஏறி நின்றது. முட்டித் தள்ளியிருக்கிறது. அவர் அன்று வாய்க்கு வந்தபடி அளந்த பொய் நிஜமாகிவிட்டது. நான் அப்பவே சொன்னேனா இல்லையா என்று நாக்கு நுனிவரை வந்ததை அப்படியே விழுங்கினார். இருவரும் தேடினார்கள். அவள் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்தாள். அவர் செருப்பு ஒவ்வொன்றையும் உதறினார், அடி வைக்கும் முன் தரையைப் பார்த்துப் பார்த்து நடந்தார். தையல் மிஷின் அடியில் இல்லை. தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் இல்லை. கடைசியில் பீரோவுக்குப் பின்னால், கைக்கு எட்டியும் எட்டாத உயரத்தில், சுண்ணாம்புச் சுவரில் பெரியம்மா ஒட்டிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பை நிதானமாக ராவித் தின்றுகொண்டிருந்தது.

"பிச்சு எடுக்காதீங்க, ஓடு உடைஞ்சிடும்" என்றாள்.

"தெரியும்."

அவர் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்து, கையை உயர்த்தி, கட்டைவிரலை அதற்கு முன்னால் சுவரில் வைத்தார். உடைந்து கூடின அதே மணிக்கட்டு. பெரியம்மா கொம்பைத் திருப்பி விரலைப் பார்த்தது. மறுபடி சுண்ணாம்புக்குத் திரும்பியது.

நின்றார். நகர முடியாது, கையை இறக்க முடியாது, முகத்தைத் திருப்பி அவளைப் பார்க்கவும் இடமில்லை. சுவரைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"குட்டி வந்தது அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

"படியில கேட்டாரு, சொன்னேன்."

"எனக்குச் சொல்லல."

"நீங்க கேக்கல."

பெரியம்மா ஒரு அங்குலம் நகர்ந்தது.

"எனக்கு வயிறு எரியுது" என்றார் சுவரிடம். "எப்பவும் எரியும்."

"தெரியும். பல் டாக்டர் காலத்துலேர்ந்து தெரியும்."

"தெரியுமா?"

"பஸ் ஏறிப் போய்ப் பல்லைப் பிடுங்கிட்டு வந்து வாய் வீங்கிக் கிடந்தது யாரு? லாரிக்காரர் ஒரு வார்த்தை சொன்னதுக்குக் கட்டைப் பிரிச்சுட்டு வந்தது யாரு? அதெல்லாம் நான் சிரிச்சுட்டுப் போனேன். எரியட்டும், அது உங்க வயிறு. பூட்டு போட்டீங்களே, அதான்."

மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது.

"இனிமே போட மாட்டேன்."

அவள் பீரோ இடுக்கில் கையை நுழைத்து, அவர் முழங்கையைக் கீழேயிருந்து தாங்கிப் பிடித்தாள். அப்படியே இருவரும் நின்றார்கள். பெரியம்மா சுண்ணாம்பை முடித்துவிட்டு, கொம்பை இழுத்து, நீட்டி, யோசித்து, கடைசியில் ஜில்லென்று விரலில் ஏறியது.

மூடி மறுபடி தூக்காமலிருக்க மேலே கனமாக ஏதாவது வேண்டும். பூட்டுக்காரர் பரணிலிருந்து பழைய பித்தளைப் பூட்டு ஒன்றை எடுத்தார், குழந்தைத் தலை அளவு இருக்கும். வளையம் திறந்தபடி துருவேறிப் போனது, இனி எந்த ஜென்மத்திலும் பூட்டாது. அதை மூடிமேல் வைத்து அவளைப் பார்த்தார். அவள் அதைத் தூக்கி, வளையத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்தாள்.

"குட்டில பாதியை மேல குடுக்கணும்" என்றாள். "தொட்டி அவரோடது. நீங்களே கொண்டு போய்க் குடுங்க."

பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றில் ஈரத்துணி விரித்து, கடுகுக் குட்டிகளை ஒவ்வொன்றாக இறகால் தள்ளி வைத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படி ஏறினார். கதவு திறந்தது. கண்ணாடிக்காரர், "வாங்க சார்" என்றார்.

பூட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "என்னய்யா சார்? தங்கச்சி தங்கச்சிங்கறீங்க. தங்கச்சி புருஷனை சார்னு கூப்பிடற வழக்கம் எந்த ஊர்ல? பிடிங்க மச்சான், கை வலிக்குது."

கண்ணாடிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் முகமெல்லாம் மலர்ந்து, "குடுங்க மச்சான்" என்று வாங்கிக்கொண்டார்.

அந்த நிம்மதியோடு இறங்கி வந்தவர் வாசலில் நின்றார். மூடி திறந்திருந்தது. மனைவி கட்டைவிரலை மண்ணில் வைத்திருந்தாள். பெரியம்மா அதில் சரசரவென்று, அவர் இதுவரை பார்த்திராத வேகத்தில், ஏறிக்கொண்டிருந்தது.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?" என்றாள். "எரியுதா?"

"எனக்கு என்ன?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். பிறகு கையைச் சோப்புப் போட்டு, விரல் விரலாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, தன் முறைக்காக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.